காங்கேசன்துறை: இருப்புப்பாதை வளர்த்த ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, இந்தியக் கரையை நோக்கியவாறு அமைந்துள்ளது காங்கேசன்துறை. கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடிவரும் இருப்புப்பாதை இவ்வூரிலே கடலைக் கண்டு நின்றுவிடுகின்றது. இப்பாதை வந்தமையாலே இவ்வூர் பட்டினமாயிற்று. பாதை அற்ற நாளோடு ஊரும் ஆளற்றுப் போயிற்று. கால் நூற்றாண்டு கழிந்தபின் பாதை மீண்டது; ஊரோ அதனோடு மீளவில்லை. யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் நல்லூர் இராசதானியையும் பறங்கியர் கோட்டையையும் விரித்துரைத்த அளவுக்கு இத்தகைய புதிய ஊர்களைக் கருதினாரல்லர். முடியும் கொடியும் இல்லாத ஊருக்கு வரலாறு ஏது என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் 20ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தவர் வாழ்வு எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு சிதைந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு நல்லூரினும் காங்கேசன்துறையே கூடுதலாகச் சொல்லவல்லது.

பெயர் பழமையானது. குதிரைமுகம் வாய்க்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்திலே நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்றும், அந்நன்றி மறவாது மாவிட்டபுரத்திலே முருகனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்றும் ஐதிகம் கூறும். அக்கோயிலுக்குரிய திருவுருவம் வந்திறங்கிய துறை முன்னர்க் கயாத்துறை எனப்பட்டது. காங்கேயனாகிய முருகன் வந்திறங்கியபின் அது காங்கேசன்துறை ஆயிற்று என்பர். இக்கதையில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு எனப் பிரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டாத வேலை. தென்னிந்தியக் கரையிலிருந்து பொருளும் ஆளும் வந்திறங்கும் துறையாக இவ்விடம் நெடுங்காலம் விளங்கியது என்ற அளவில் அக்கதை உண்மையே கூறுகின்றது.

எனினும் துறை இருந்தமையால் மட்டும் ஊர் பெருத்துவிடவில்லை. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்னும் துறைகள் கப்பல் வாணிகத்தில் இதற்குச் சற்றும் தாழ்ந்தவையல்ல. மேலும் இக்கரை வடக்கு நோக்கித் திறந்து கிடப்பது. வாடைக் காற்றெழும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கரையோரம் ஆழமற்றது, பாறை நிறைந்தது. பெரிய கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, வத்தைகளே பொதிகளை ஏற்றி இறக்கின. 1893ஆம் ஆண்டில் இங்கு வெளிச்சவீடு எழுந்தது கரையின் அபாயத்துக்கும் கப்பற் போக்குவரவுக்கும் ஒருங்கே சான்றாகும். அக்காலத்திலே காங்கேசன்துறையின் பெருமை அதன் வீதியிலேயே இருந்தது எனலாம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய செழித்த ஊர்களை ஊடறுத்துச் சென்று கடலிலே முடியும் அவ்வீதி, புகையிலையும் வாழையும் வெங்காயமும் விளையும் செம்மண் நிலத்தின் முதுகெலும்பாக விளங்கியது. பின்னர் வந்த இருப்புப்பாதையும் ஏறக்குறைய அதே வழியையே பின்பற்றியது.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. 1867இல் அது கண்டியை அடைந்தது. கோப்பித் தோட்டங்களின் விளைவைத் துறைமுகத்துக்குக் கொணர்வதே அப்பாதையின் நோக்கம். தோட்டமற்ற வடபகுதி நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1894இல் பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை ஒரு கிளை இடப்பட்டது. அங்கே அது நின்றுவிட்டது. குருநாகலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிடந்த பெருங்காட்டை எண்ணிய அரசினர்க்கு, அக்காட்டினூடே செல்லும் வண்டி எதனைச் சுமந்து எவ்வாறு செலவை ஈடுசெய்யும் என்னும் ஐயம் தீரவில்லை. 1896 முதல் 1903 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வெஸ்ற் றிட்ஜ்வே காலத்திலேதான் வடபகுதி இருப்புப்பாதை உறுதிபெற்றது.

இங்கு ஒரு முரணைக் குறிப்பிடாமற் செல்லுதல் இயலாது. மலாயாவிலே 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே முதற் பாதை திறக்கப்பட்டதன்பின், அந்நாட்டுப் புகையிரத இலாகாவிலே நிலைய அதிபர்களாகவும் இலிகிதர்களாகவும் சென்று அமர்ந்தோருள் யாழ்ப்பாணத்தவர் மிகப் பலர். ஆகவே, தம் ஊரிலே புகைவண்டியைக் காணாத யாழ்ப்பாணத்தவர் கடல்கடந்த நாட்டிலே வண்டிகளுக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தனர். மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் ஆக்கிவிட்ட ஆங்கிலங் கற்ற வாலிபர்க்கு ஊரிலே வேலை இல்லை; வேலை இருந்த இடங்களுக்குப் போக வழியும் எளிதில்லை. வடபகுதிக்குப் பாதை வேண்டும் என்னும் வேட்கை புகையிலையினால் மாத்திரம் எழுந்ததன்று; படிப்பினாலும் எழுந்தது.

1900ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கியது. வடமுனையிலே காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையுள்ள 21 மைல் நீளமான பகுதியே முதலில் முற்றுப்பெற்றது. 1902 மார்ச் 11ஆந் தேதி அது பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 19ஆந் தேதி பாதை பளை வரை நீண்டது. தெற்கேயுள்ள பாதையோடு எவ்விதத் தொடர்புமின்றித் தனித்துக் கிடந்த இத்துண்டு பற்றிச் சற்றுச் சிந்தித்தல் நன்று. கண்டி வீதியாலே எஞ்சின்களையும் பெட்டிகளையும் வண்டிமாடு பூட்டி இழுத்துவருதல் நடவாத செயல். தண்டவாளமும் எஞ்சினும் கடல் வழியாகவே வந்திருத்தல் வேண்டும். பாதை கடற்கரையிலே தொடங்கித் தெற்கு நோக்கி வளர்ந்தமைக்கு வேறு தகுந்த விளக்கம் இல்லை. ஆகவே, துறைமுகம் பாதையைப் பெற்றது. பாதை பட்டினத்தைப் பெற்றது என்று முறைப்படுத்திக் கூறுதல் பொருந்தும். காங்கேசன்துறையைப் பாதையின் கடைசி நிலையம் என இன்று சொல்லுகின்றோம். குடாநாட்டவர்க்கு அது முதல் நிலையமாகவே பிறந்தது.

தெற்கேயும் வேலை நடந்தது. 1904 நொவெம்பர் 1ஆந் தேதி குருநாகலிலிருந்து அநுராதபுரம் வரை வண்டி ஓடியது. அநுராதபுரத்துக்கும் பளைக்கும் இடையே கிடந்த வன்னிக் காடும் அதன் மலைக்காய்ச்சலுமே இறுதித் தடை. இவ்விடைவெளி இருந்த காலத்து யாத்திரை எத்தகையது என்பதை ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளார். 1905 சனவரியிலே யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் ஏற்க வந்த லெனாட் வுல்ப் என்பார் அநுராதபுரம் வரை புகைவண்டியிலே வந்து, அப்பால் மாடு பூட்டிய தபால் வண்டியிலே காட்டைக் கடந்து, குடாநாட்டை அண்மியபின் மறுபடியும் புகைவண்டி ஏறியே யாழ்ப்பாணம் அடைந்தார். வால்டேயரின் நூற்றொகுதிகளையும் ஒரு நாயையும் உடன்கொண்டு வந்த அவ்விளைஞர் பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றார். 1961இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றுப் பகுதியிலே அவர் இப்பயணத்தை நினைவுகூர்ந்துள்ளார். ஏழு மாதங்கள் பிந்தி வந்திருப்பாராயின் அம்மாட்டு வண்டியை அவர் கண்டிரார். 1905 ஓகஸ்ற் 1ஆந் தேதி இடைவெளி மூடப்பட்டு, கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் வண்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பதின்மூன்று மணிக்கு மேற்பட்ட நேரம் எடுத்தது அவ்வோட்டம். காட்டு வீதியிலே பல நாள் வருந்தியவர்க்கு அது பறப்பதற்கு ஒப்பாயிருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தவர் இப்புது வாகனத்தைக் 'கோச்சி' என்றனர். ஆங்கிலச் சொல்லொன்றின் திரிபாகிய இது சிங்கள மக்கள் நாவிலும் ஏறக்குறைய இவ்வாறே வழங்குவது. மொழியாற் பிற்காலத்திலே பிணங்கிய இரு சமூகத்தாரும் வண்டிக்கு ஒரே பெயரை இட்டனர் என்பது சொல்லாராய்ச்சியாளர் மாத்திரம் சிந்திக்கவேண்டிய செய்தியன்று.

புகையிரதப் பாதை முடியும் இடத்திலே ஊர் எவ்வாறு வளர்கின்றது என்பது எங்கும் ஒருபடித்தே. இடைநிலையத்திலே வண்டி சில நிமிடம் நின்று போய்விடும். முடிவு நிலையத்திலோ அது இராத்தங்க வேண்டும். நீராவி எஞ்சினுக்கு நீரும் நிலக்கரியும் வேண்டும்; சாம்பல் அகற்ற ஆள் வேண்டும்; எஞ்சினைத் திசைமாற்றி மறு முனையிலே கொளுவ வேண்டும். எஞ்சின் ஓட்டுபவருக்கும் நெருப்புக்காரருக்கும் காவலருக்கும் தங்குமிடம் வேண்டும். அவர்களுக்குச் சோறு, தேநீர், வெற்றிலை, சவரம், சலவை எல்லாம் வேண்டும். காலை வண்டிக்கு முன் திறந்து இரவு வண்டிக்குப் பின் மூடும் கடைகள் இவ்வாறு முளைத்தன. காங்கேசன்துறையிலே இவற்றோடு துறைமுகச் சுங்க உத்தியோகத்தரும், கடற்கரைக் காற்றுக்காக வந்து வாடிவீட்டிலே தங்குவோரும், கீரிமலை நகுலேஸ்வரத்துக்கும் மாவிட்டபுரத்துக்கும் செல்லும் அடியார்களும் சேர்ந்தனர். உத்தியோகத்தருள் சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பலர் இருந்தனர். சுற்றுப்புறத்துச் சைவ வேளாண் கிராமங்களின் நடுவே பல இனத்தவர் கலந்து வாழும் ஒரு சிறு பட்டினம் அங்கே உருவாயிற்று.

சமூக வாழ்விலே வண்டி செய்த மாற்றம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புகையிரதப் பெட்டியிலே வகுப்புப் பிரிவு காசினால் ஏற்பட்டதேயன்றிப் பிறப்பினால் ஏற்பட்டதன்று. மூன்றாம் வகுப்புச் சீட்டுப் பெற்ற எவரும் ஒரே பலகையிலே அமரும் உரிமை பெற்றனர். பாடசாலைகளிலே சமஆசனத்துக்காக 1920களிலும் 1930களிலும் பெருஞ் சச்சரவு நிகழ்ந்த நாட்டிலே இது சிறிய காரியமன்று. மாவிட்டபுரம் புகையிரத நிலையத்திலே எல்லோரும் ஒரே வாயிலால் இறங்கினர். அதற்கு அருகேயுள்ள கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காக 1968இல் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது. இரும்பு செய்த சமத்துவத்தைக் கருங்கல் செய்யப் பின்னும் அறுபத்தாறு ஆண்டுகள் சென்றன.

1914ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கு ஒரு பின்னடைவைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தென்னிந்திய இருப்புப்பாதை தனுஷ்கோடியை அடைந்தது. இக்கரையிலே மதவாச்சியிலிருந்து பிரிந்த கிளை தலைமன்னாரை அடைந்தது. இரு முனைகளுக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடியது. சென்னை எழும்பூரிலே சீட்டு வாங்கியவர் கொழும்பிலே வந்திறங்கும் வழி மன்னாரூடாக அமைந்துவிட்டமையால், இந்தியாவுக்குரிய பெருவாயிலாகக் காங்கேசன்துறை வளரும் வாய்ப்புக் குறைந்தது. நாகபட்டினம் சுமார் 60 கடல்மைல் தொலைவிலேயே இருந்தபோதிலும் அந்நெருக்கம் சரக்குத் தோணிகளுக்கே பெரிதும் பயன்பட்டது.

ஆகவே தொடர்ந்த முப்பதாண்டுகளிலே பட்டினம் மெல்லவே வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கை நகரங்களிலெல்லாம் கடை திறந்தது. அதனைக் கொண்டுசென்றது வண்டி. கொழும்பிலே அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் குடும்பத்தை ஊரிலே விட்டு, விடுமுறைக்கு விடுமுறை இராத்தபால் வண்டியிலே வந்துபோயினர். 'மணியோடர்ப் பொருளாதாரம்' எனப் பின்னாளிலே சற்று இகழ்ச்சியாகக் கூறப்பட்ட வாழ்க்கைமுறை இப்பாதையின் மீதே நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அண்டையிலுள்ள பலாலியில் விமானத்தளம் அமைந்தது. 1947 டிசெம்பரிலே எயர் சிலோன் தொடங்கிய முதற் சேவை இரத்மலானையிலிருந்து இவ்விடத்திலே தங்கியே சென்னைக்குச் சென்றது. புகைவண்டி, கப்பல், விமானம் என்னும் மூன்றும் சில மைல் வட்டத்துள்ளே கூடிய ஊர் இலங்கையிலே வேறு அதிகம் இல்லை.

பட்டினத்துக்குப் புத்துயிர் அளித்தது சீமெந்து. குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். வீட்டுக்குக் கிணறு தோண்டும் எவரும் அறிந்த கல்லே அது. நாடு சுதந்திரமடைந்தபின் கைத்தொழில் மந்திரியாயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் காலத்திலே காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலையும், பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும், வாழைச்சேனையிற் கடதாசி ஆலையும் உருப்பெற்றன. 1950இல் காங்கேசன் சீமெந்து வெளிவந்தது. சுண்ணக்கல்லை அயலிலேயே அகழ்ந்தனர். சீமெந்துக்கு வேண்டிய களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகைவண்டியிலே வந்தது. முருங்கன் தலைமன்னார்க் கிளைப்பாதையிலுள்ள நிலையம். ஆகவே களிமண் பெட்டிகள் மதவாச்சி வரை தெற்கே சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பிக் காங்கேசன்துறையை அடையவேண்டும். இவ்வளவு சுற்றியும் அது கட்டுபடியாயிற்று என்பதே இருப்புப்பாதையின் பெறுமதியைக் காட்டப் போதுமானது. திரும்பும் பெட்டிகளிலே சீமெந்துப் பைகள் தெற்கே சென்றன. நாட்டின் நீர்த்தேக்கங்களும் பாலங்களும் அரசாங்கக் கட்டடங்களும் குடாநாட்டுக் கல்லினால் எழுந்தன எனல் மிகையன்று.

ஆலை ஊருக்கு வேலையை அளித்தது. தொழிலாளர் சங்கத்தையும், மாதச் சம்பளத்தையும், அச்சம்பளத்தை நம்பிய கடைவீதியையும் அளித்தது. அது கொண்டுவந்த தீங்கையும் மறைத்தல் தகாது. வெண்தூள் அயல் வீடுகளின் ஓடுகளிலும் தென்னோலைகளிலும் படிந்தது. கல் அகழ்ந்த இடங்கள் பெருங்குழிகளாயின. கடலுக்கு இவ்வளவு அண்மையிலே நிலத்தைத் தோண்டினால் கிணறுகளிலே உவர் ஏறும் என்னும் அச்சம் அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. ஆலையைப் பொற்காலத்தின் சின்னமாகவே நினைவுகூருவோர் அக்குழிகளையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று.

1955இல் புகையிரதப் பகுதியின் முதல் இலங்கைப் பொது முகாமையாளராகிய பி. டி. ரம்பாலா நெடுந்தூர வண்டிகளுக்கு அழகிய பெயர்களைச் சூட்டிப் புது முறையிலே ஓட்டினார். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் அதற்கு முந்திய ஆண்டிலே வந்திருந்தன. 1956 ஏப்பிரில் 23ஆந் தேதி 'யாழ்தேவி' கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே வந்த வண்டிக்குத் தமிழ்ப் பெயர், பெயரிட்டவர் சிங்களவர். அவ்வண்டி ஓடத் தொடங்கி இரண்டு மாதம் கழியுமுன், யூனிலே, தனிச் சிங்கள மசோதா பிரதிநிதிகள் சபையிலே நிறைவேறியது. ஒரே ஆண்டிலே நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணாக்கர்க்கு அந்நாளின் இலங்கை எவ்வாறு இரு திசையிலும் ஒருங்கே இழுக்கப்பட்டது என்பது விளங்கும். காங்கேசன்துறைத் தொகுதி அரசியலிலும் முக்கியம் பெற்றது. 1947இல் எஸ். ஜே. வி. செல்வநாயகம் இத்தொகுதியிலே வென்றார். 1952இல் பரமேசுவரக் கல்லூரி அதிபராயிருந்த சு. நடேசனிடம் தோற்றார், 1956இல் மீண்டும் வென்றார். 1972இல் அவர் பதவி துறந்ததன்பின் 1975 பெப்ருவரியிலேயே நடைபெற்ற இடைத்தேர்தல் தமிழர் அரசியல் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுவது.

வண்டியின் செல்வாக்கு யுத்தத்தினால் மட்டுமே குன்றியது என எண்ணுவோர் உளர். அது முழு உண்மையன்று. 1960களிலும் 1970களிலும் மரக்கறியும் வெங்காயமும் சுருட்டும் லொறிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. தோட்டத்து வாசலிலே ஏற்றிக் கொழும்புச் சந்தை வாசலிலே இறக்கும் லொறியோடு புகைவண்டி போட்டியிடல் அரிது. யுத்தம் வராதிருந்தாலும் காங்கேசன்துறை நிலையம் 1950களின் பரபரப்பை நெடுங்காலம் தாங்கியிராது. குன்றுதல் வேறு, கொல்லப்படுதல் வேறு என்பதையும் உடனே சொல்லவேண்டும்.

இனக்கலவரங்களின்போது அகதிகளை வடக்கே கொண்டுவந்தது கடல். 1983 யூலைக்குப்பின் கொழும்பு முகாம்களிலிருந்து மக்கள் கப்பல்களிலே ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். உத்தியோகத்துக்காக வண்டியேறித் தெற்கே போனவரின் பிள்ளைகள் உடுத்த துணியோடு கப்பலேறி அதே ஊருக்கு மீண்டனர். 1985 சனவரி 19ஆந் தேதி யாழ்தேவி முறிகண்டிக்கு அருகே குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. படையினரும் பொதுமக்களும் மாண்டனர். 1987 யூலை இறுதியிலே இந்திய அமைதிப்படை இத்துறையிலும் பலாலியிலும் வந்திறங்கியது. 1990 மார்ச்சிலே அது நாட்டை விட்டகன்றது. அடுத்த யூனிலே அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே மறுபடியும் போர் மூண்டது. 1990 யூன் 13ஆந் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து இறுதி வண்டி புறப்பட்டது. யூன் 15ஆந் தேதி வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். ஆலையின் உலையும் அம்மாதத்தோடு அணைந்தது. 88 ஆண்டுகளாக வளர்ந்த பட்டினம் ஒழிவதற்குச் சில தினங்களே போதியனவாயின.

போனவர்கள் சில வாரத்திலே திரும்பலாம் என்று எண்ணிப் போயினர். திரும்ப இடமின்றி அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காங்கேசன்துறை வீதி காங்கேசன்துறையை அடையாமலே தெல்லிப்பழைப் பக்கத்தில் முடிந்தது. யாழ்ப்பாண நகரத்திலே அவ்வீதியின் பெயர்ப்பலகையைத் தினந்தோறும் வாசித்துக்கொண்டு பள்ளிசென்ற ஒரு தலைமுறைக்கு, அப்பெயருக்குரிய ஊர் கண்ணாற் காணமுடியாத ஊராயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இச்செயலிலே இரு தரப்பாரும் ஒத்திருந்தனர். கொக்குவில் முதல் தெல்லிப்பழை வரை பாதை கிடந்த மேட்டுநிலம் சிலவிடத்து ஒழுங்கையாயிற்று, சிலவிடத்து இடம்பெயர்ந்தோர் குடிசை போடும் காணியாயிற்று. காங்கேசன்துறையிலிருந்து போனோருட் பலர் மல்லாகம், சுன்னாகப் பகுதி முகாம்களிலே தங்கினர். சொந்த வீட்டுக்குச் சில மைல் தூரத்திலே, ஒருகாலத்துச் சில நிமிட வண்டிப் பயணத்துக்குள்ளே, அவர்கள் இருபது ஆண்டுக்கு மேற்பட்டு அகதிகளாயிருந்தனர்.

இருப்புப்பாதையால் எழுந்து மறைந்த ஊர்கள் உலகிலே பல. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலே நீராவி எஞ்சினுக்கு நீர் ஊற்றுவதற்கென்றே தோன்றிய ஊர்கள், டீசல் எஞ்சின் வந்ததும் பயனற்று ஒழிந்தன. அண்மையிலுள்ள உதாரணம் தனுஷ்கோடி. 1964 டிசெம்பர் 22ஆந் தேதி இரவு எழுந்த புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டி பிரயாணிகளோடு கடலுள் அமிழ்ந்தது. பின்னர் அரசினர் அவ்வூரை வாழத் தகாத இடம் என்று அறிவித்தனர். காங்கேசன்துறையின் நிலை இவ்விரண்டினும் வேறு. தேவை அற்றமையால் அது ஒழியவில்லை. கடலும் அதனை விழுங்கவில்லை. நிலம் இருந்தது, கிணறு இருந்தது, உறுதி இருந்தது, உரியவரும் உயிரோடிருந்தனர். வாழத் தகுந்த இடத்திலே வாழவிடாமையால் வெறுமையான ஊர் அது. ஆகவே 'பாழடைந்த ஊர்' என்று அதனை இயற்கையின் கணக்கிலே எழுதுதல் வரலாற்றுப் பிழையாகும்.

2009இல் போர் முடிந்தபின், இந்திய அரசின் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. வண்டி 2013 செப்டெம்பரிலே கிளிநொச்சியையும், 2014 மார்ச்சிலே பளையையும், அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆந் தேதி யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. 2015 சனவரி 2ஆந் தேதி, சனாதிபதித் தேர்தலுக்கு ஆறு நாள் முன்னதாக, காங்கேசன்துறை நிலையம் திறக்கப்பட்டது. புது மேடை, புதுக் கூரை, புதுப் பலகை யாவும் இருந்தன. நிலையத்தைச் சூழ இருந்த ஊரிலே குடிமக்கள் இல்லை. 1902இலே பாதை வந்து ஊரை உண்டாக்கியது. 2015இலே பாதை வந்தபோது ஊர் வேலிக்கு அப்பாலே கிடந்தது. அந்நாட்களிலே வண்டியேறிச் சென்ற முதியோர் பலர் எங்கும் போவதற்காகச் செல்லவில்லை. நிலையத்திலே இறங்கி, வேலிக்கு இப்பால் நின்று பார்த்து, அடுத்த வண்டியிலே திரும்பினர்.

இதற்கு முன்னரே, 2013 ஏப்பிரிலில், வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டிருந்தன. உரிமையாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தை நாடினர். 2015 முதற் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அயலிலுள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையிலே மக்களிடம் வந்தது. சில பகுதிகள் படையினர் கையிலேயே இருந்தன. 2019 ஒக்டோபரிலே பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபர் 14ஆந் தேதி நாகபட்டினத்திலிருந்து பிரயாணிக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களிலே நின்று, 2024 ஓகஸ்றிலே மறுபடியும் தொடங்கியது. 1947ஆம் ஆண்டிலே இருந்த மூன்று வழிகளும் இவ்வாறு ஒவ்வொன்றாக மீண்டன. ஆலை மாத்திரம் துருவேறிய எலும்புக்கூடாய் நின்றது. வண்டியும் கப்பலும் விமானமும் ஊரைக் கடந்து செல்வோர்க்கு உதவுவன. ஊரிலே தங்குவோர்க்கு நாட்கூலியும் மாதச் சம்பளமும் கொடுத்தது ஆலையே. அதற்கு ஈடான தொழில் ஏதும் எழாதவரை நிலையத்தைச் சூழக் கடைவீதி முன்போல எழும் என எதிர்பார்த்தல் கடினம். வேலை தேடும் வாலிபர்க்குக் கனடாவும் இலண்டனும் கொழும்பினும் கிட்டவாகிவிட்ட காலம் இது.

காணி விடுவிக்கப்பட்டபோது எழுந்த முதற் சங்கடம் எல்லையைப் பற்றியது. மதிலும் வேலியும் இல்லை. வீடுகள் பல அத்திவாரத்தோடு அகற்றப்பட்டிருந்தன. ஒழுங்கைகள் காடு மூடிக் கிடந்தன. உறுதியிலே 'கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் காணி' என்று எழுதியிருந்தது. அவ்வொழுங்கையும் இல்லை, அவ்வின்னாரும் இல்லை. பற்றையை வெட்டிச் சென்ற முதியோர் பலர் தம் வளவைக் கண்டுபிடித்தது கிணற்றினால். அயல் வீடுகளின் கிணறுகளை எண்ணி, தமது கிணற்றின் கட்டையும் படியையும் தடவிப் பார்த்து, இதுவே எம்முடையது என்றனர். நில அளவையாளர் அங்கிருந்தே சங்கிலி பிடித்தனர்.